சவரிமுத்துவின் நான்காவது பிள்ளை

அன்றைக்குப் பங்குச் சாமியாரின் அறையில் நான் சொல்லாமல் விட்டது இதுதான், நிரோஷ்: உன் தாத்தா, அதாவது என் அப்பா, சவரிமுத்துவின் மகன் இல்லை. மெர்சியின் அம்மாவும் நானும் அக்கா தங்கை இல்லை. நீயும் மெர்சியும் அண்ணன் தங்கை முறை இல்லை. சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். சாமியார் என் முகத்தைப் பார்த்து, "டீச்சர், நீங்க ஏதாச்சும் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நீயும் காத்திருந்தாய். நான் "இல்ல சாமி" என்றேன்.

வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது என்று வளர்ந்தவள் நான். உன் அப்பா எந்த நோயில் இறந்தார் என்பது பாடசாலையில் என் பக்கத்து மேசை டீச்சருக்குக்கூடத் தெரியாது. அப்படிப்பட்டவள் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன் என்றால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. முதலில் நீ என் அழைப்பை எடுக்கவில்லை. பிறகு அந்த இலக்கமே வேலை செய்யவில்லை. பதுளையில் நீ வேலை பார்த்த மருந்துக்கடைக்குப் போனேன். முஸ்லிம் முதலாளி, நீ நானா என்று கூப்பிடுகிறவர், எனக்கு நாற்காலி போட்டு, பிளேன்டீ வரவழைத்து, "நல்ல புள்ள டீச்சர். சாவியத் தந்திட்டு, போறேன் நானான்னு மட்டும் சொன்னிச்சு. எங்கன்னு கேட்டதுக்குச் சிரிச்சிச்சு" என்றார். வத்தளையில் உன்னைப் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார். கத்தாருக்குப் போய்விட்டாய் என்கிறார் இன்னொருவர். அதனால் ஞானம் மாஸ்டரின் வம்சாவளிப் புத்தகத்தைப் போட்ட அதே வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கடிதத்தையும் போடப்போகிறேன். அந்தப் புத்தகத்தை நம்பியவர்கள் எல்லாரும் படிக்கட்டும். அவர்களில் யாராவது உன் கண்ணில் காட்டட்டும். மெர்சிக்கு வெலிமடைப் பக்கம் ஒரு பையனை நிச்சயம் செய்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.

மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன். பண்டாரவளையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் நம் வேதக்காரக் குடும்பங்களுக்குத் தாத்தாவின் அப்பா பெயர்கூடத் தெரிவதில்லையே என்ற ஆதங்கத்தில், முழங்கால் வலியோடு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியவர். பிறப்புச் சான்றிதழ், தோட்டத்துப் பேர்ப்பதிவு, பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி என்று எது கிடைத்தாலும் கைப்பட எழுதிக்கொள்வார். மூன்று வருடங்களுக்கு முன்பு அந்தக் கையெழுத்துக் கட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "நீங்க புத்தகம் வாசிக்கிற ஆளு. அச்சுக்குப் போறதுக்கு முந்தி ஒரு தடவ பாத்துக் குடுங்க டீச்சர்." எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். ஒரு பெண் ஒரே வருடத்தில் ஹல்துமுல்லையிலும் பசறையிலும் பிள்ளை பெற்றிருந்தாள், அது ஒரே பெயருள்ள இரண்டு பெண்கள் என்று கண்டுபிடித்தேன். ஒருவர் தன் அப்பாவைவிட மூத்தவராக இருந்தார், வட்டமிட்டுக் கொடுத்தேன். "இது கண்ணில்ல டீச்சர், சல்லடை" என்று மாஸ்டர் சிரித்தார்.

சரியாக இருந்த வரிகளுக்குப் பென்சிலால் ஒரு சரி போட்டுக்கொண்டே போனேன். சவரிமுத்துவின் பக்கம் வந்தது. பிள்ளைகள் நான்கு பேர் என்று எழுதியிருந்தார். மூத்தவர் சூசை, ஸ்பிரிங்வெளியில் பெண் எடுத்து இளவயதிலேயே இறந்தவர், ஒரு மகள் இருந்ததாகக் கேள்வி. அடுத்த இரண்டு பெண்களும் இந்தியாவுக்குப் போய்விட்டவர்கள். நான்காவது அந்தோனி, உன் தாத்தா. அந்தக் கடைசி வரி பொய் என்று எனக்குத் தெரியும். பென்சில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அதற்கும் ஒரு சரி போட்டேன். அப்போது நீ மெர்சியைப் பார்த்திருக்கவில்லை. யாருக்கும் இதனால் எதுவும் ஆகப்போவதில்லை என்று நினைத்தேன்.

உண்மை எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். ஆசிரியர் நியமனத்துக்காக நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த நாளில் உன் தாத்தா சொன்னார். நமுனுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்து வரிசையில் சவரிமுத்து இருந்த ஒற்றையறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் இருந்தவர்தான் உன் தாத்தாவின் சொந்த அப்பா. முன்பு இருந்த தோட்டத்தில் கங்காணியை எதிர்த்துப் பேசி விரட்டப்பட்டவர். எந்தத் தோட்டத்துப் பதிவிலும் அவர் பெயர் இல்லை. பிரஜாவுரிமைக்கு மனுப் போடக் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாதவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று லயம் முழுக்கப் பேச்சு. சவரிமுத்துவின் கடைசிப் பையன் அந்தோனி சில வருடங்களுக்கு முன்பே காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். சாவைப் பதியப் போனால் ஒரு நாள் வேலை கெடும் என்று யாரும் போய்ப் பதியவில்லை. பிறப்புச் சான்றிதழ் தகரப் பெட்டியில் கிடந்தது. சவரிமுத்து தன் குடும்ப விண்ணப்பத்தில் அந்தோனியை உயிரோடு எழுதினார். அடுத்த காம்பராப் பையன் அந்தோனி ஆனான். "பேரு அந்தக் காம்பராவுல, சோறு இந்தக் காம்பராவுல" என்றார் உன் தாத்தா. விசாரிக்க வருகிறவர்கள் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று ஜெபங்களைப் பாடமாக்கினார். மாரியம்மனைக் கும்பிட்டவர்களின் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனது அப்படித்தான். நாம் வேதக்காரர்கள் ஆனதும் அப்படித்தான். பெற்ற அப்பா எந்த நாட்டுக்காரரும் ஆகாமலே அந்த லயத்தில் இறந்தார். மாஸ்டரின் புத்தகத்தில் அவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மாஸ்டர் எங்கே தவறினார் என்று இந்த நான்கு மாதமாக யோசித்துப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழ், விண்ணப்பம், பேர்ப்பதிவு மூன்றும் ஒரே மாதிரிச் சொன்னதால் மூன்று சாட்சி கிடைத்ததாக அவர் நினைத்துக்கொண்டார். சான்றிதழைப் பார்த்து விண்ணப்பத்தை எழுதினார்கள், விண்ணப்பத்தைப் பார்த்துப் பேர்ப்பதிவை எழுதினார்கள். இருந்தது ஒரே சாட்சி. அதுவும் செத்துப்போன பிள்ளைக்கு உரிய சாட்சி. நம் ஆட்களின் காகிதங்கள் யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று சொல்வதற்காக எழுதப்பட்டவை இல்லை, மகனே. யாரை இங்கே வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதற்காகக் கேட்கப்பட்டவை. அதற்குத் தகுந்த பதிலைத்தான் நம்மவர்கள் கொடுத்தார்கள். இனி உன் முன்னால் யாராவது ஒரு வம்சாவளியை விரித்தால், அதைச் சொன்னவர் யார், எதற்குப் பயந்து சொன்னார் என்று முதலில் கேள். படித்தவர் ஒருவர் பார்த்துச் சரி என்றார் என்று சொன்னால், அந்தப் படித்தவருக்கு அதில் என்ன மறைக்க இருந்தது என்று கேள். உன் அம்மாவை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கோயிலில் உங்கள் கல்யாண ஓலையை இரண்டாவது ஞாயிறு வாசித்தபோது மாஸ்டர் அங்கே இருந்தது தற்செயல். பூசை முடிந்ததும் மெர்சியின் அம்மா லூர்துவிடம் போய், "ஸ்பிரிங்வெளியா? ஒங்கப்பா பேரு என்னம்மா?" என்று விசாரித்திருக்கிறார். சூசை என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனையோ வருடமாகத் தேடிய ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம். மறுநாள் புத்தகத்தோடும் அந்தப் பழைய கையெழுத்துக் கட்டோடும் சாமியாரிடம் வந்துவிட்டார். ஏதாவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்றுதானே ஓலை வாசிக்கிறார்கள். சாமியார் நம் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டார்.

அந்த அறையில் நடந்தது உனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு பேச்சிலும் எனக்கு வாய் திறக்க இடம் இருந்தது. "சூசையும் அந்தோனியும் கூடப்பொறந்தவங்க சாமி" என்று மாஸ்டர் தொடங்கினார். "அப்ப லூர்தும் டீச்சரும் அக்கா தங்கச்சி. அக்கா தங்கச்சி புள்ளைகளுக்குள்ள எப்படிங்க கல்யாணம்?" சாமியார், "திருச்சபைச் சட்டத்துல இவ்வளவு தூரத்துச் சொந்தத்துக்குத் தடை இல்ல மாஸ்டர்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு நான் பேசியிருக்கலாம். லூர்து முந்திக்கொண்டாள். "சட்டம் இருக்கட்டும் சாமி. அண்ணனையும் தங்கச்சியையும் சோடி சேத்து வச்சிட்டு நான் லயத்துல எப்படித் தல நிமுந்து நடக்கிறது?" சொல்லிவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவனும் இல்லாமல், கூடப்பிறந்தவர்களும் இல்லாமல் ஒற்றை ஆளாகக் கொழுந்து பறித்து மெர்சியை வளர்த்தவள். "அக்கா, எனக்குன்னு ஒரு நாதி இல்லன்னு இருந்தேனே அக்கா" என்று அழுதாள். மகளின் கல்யாணம் நின்ற அதே நிமிடத்தில் அவளுக்கு ஒரு குடும்பம் கிடைத்திருந்தது. அவள் எதற்கு அழுகிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

நீ மட்டும்தான் அந்த அறையில் கேட்க வேண்டியதைக் கேட்டாய். "புத்தகத்துல போட்டா ஆச்சா மாஸ்டர்? தப்பா இருக்கக் கூடாதா?" மாஸ்டர் கோபப்படவில்லை. "நீ கேக்குறது நியாயம் தம்பி. அதுக்குத்தான் அச்சுக்கு முந்தியே ஆளு வச்சுப் பாத்தேன். இந்தா, ஒங்கம்மா போட்ட சரி" என்று கட்டைப் பிரித்து மேசையில் வைத்தார். நீ அந்தப் பென்சில் குறியைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அப்போதுதான் சாமியார் என்னிடம் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் தாத்தா மேசைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கும்படி பிடித்தார். மெர்சி தலையைக் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாத்தாவின் மேல் பழி போட இதை எழுதவில்லை. அந்தக் கையை என்னால் உதறியிருக்க முடியும். என் பிறப்புச் சான்றிதழிலும் அந்தோனி மகள் என்றுதான் இருக்கிறது, அதை வைத்துத்தான் எனக்கு வேலை. அந்த நினைப்பு வந்தது. படித்தவள் தெரிந்தே பொய்க்குச் சரி போட்டாள் என்று மாஸ்டருக்குத் தெரியப்போகிறதே என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக வந்தது. என் மகனின் வாழ்க்கை ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம். நான் எதை எடுத்தேன் என்று நீ பார்த்தாய். வீடு திரும்பும்போது பஸ்ஸில், "அம்மா, ஒங்களுக்கு முந்தியே ஏதாச்சும் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டாய். "தெரியாது" என்றேன். அந்த அறையில் பேசாமல் இருந்ததைக்கூட மன்னிக்கலாம். இந்த ஒரு சொல்லை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெரகலயில் பஸ் நின்றது. "தேத்தண்ணி குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல வாறேன், நீங்க தாத்தாவக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று இறங்கினாய். அதற்குப் பிறகு நான் உன்னைப் பார்க்கவில்லை.

நீ வராமல் போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. மாஸ்டர் பிறந்தவர்களை மட்டுமே தேடியிருந்தார். இறந்தவர்களை யாரும் தேடவில்லை. சாவை அரசாங்கத்தில் பதியாவிட்டாலும் கோயிலில் அடக்கம் செய்திருப்பார்களே என்று நமுனுகலைப் பக்கத்துப் பழைய கோயிலுக்குப் போய்க் கெஞ்சி அடக்கப் பதிவேட்டைத் திறக்கச் செய்தேன். இரண்டாவது நாள் கிடைத்தது. அந்தோனி, சவரிமுத்துவின் மகன், வயது நான்கு, காய்ச்சல். நான்கு வயதுக் குழந்தையின் சாவைப் படித்துவிட்டுச் சந்தோஷத்தில் சத்தமாக அழுதேன். பதிவேட்டை எடுத்துக் கொடுத்த மனிதர், "ஒங்க சொந்தமா டீச்சர்?" என்று கேட்டார்.

அன்று மாலையே மாஸ்டரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன், சரி போட்டதையும் சேர்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "செத்த புள்ள பேர அடுத்த புள்ளைக்கு வைக்கிறது நம்ம வழக்கந்தானே டீச்சர்? எங்க வீட்டுலயே ரெண்டு பிலோமினா. மொத அந்தோனி போனப்புறம் ரெண்டாவது அந்தோனி பொறந்திருந்தா?"

"பொறந்ததுக்குப் பதிவு இருக்கா மாஸ்டர்?"

"அந்த வருசத்து ஞானஸ்நானப் புத்தகத்தக் கரையான் தின்னுருச்சு. இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

"நான் சொல்றேனே."

"நீங்க அன்னிக்கும்தான் சொன்னீங்க, சரின்னு" என்றார். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. வாசல்வரை வந்து, "ஒங்கப்பா உசுரோட இருக்காரு. அவரு வாயால ஒரு வார்த்த சொல்லட்டும், நானே போய் லூர்து கால்ல விழுந்து புத்தகம் தப்புன்னு சொல்றேன்" என்றார். அவர் கேட்டது நியாயம். ஒரு முறை பொய்ச்சாட்சி சொன்னவளை வைத்து அவர் எப்படித் திருத்துவார்?

அதனால் உன் தாத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். "இப்ப யாரும் கப்பல்ல ஏத்த மாட்டாங்கப்பா" என்றேன். "தெரியும் தாயி" என்றார். "அப்புறம் என்னப்பா பயம்?" கொஞ்சம் சிரித்தார். "மூளைக்குத் தெரியுது. வயித்துக்குத் தெரியல. அன்னிக்குக் கரண்டு மீட்டர் பாக்க வந்தவன்கிட்டயே ஐடென்டிய எடுத்து நீட்டிட்டேன்." நானும் சிரித்துவிட்டேன். நீ போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். ஐந்து நாள் கெஞ்சினேன். நேற்று இரவுச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பயலுக்காக வாறேன்" என்றார். வரும் சனிக்கிழமை அவரை ஸ்பிரிங்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் சொல்லிவிட்டால் லூர்து நம்புவாள், மாஸ்டர் திருத்துவார், அந்த வெலிமடைக் கல்யாணம் நின்றுவிடும். நீ மட்டும் எங்கே இருக்கிறாய் என்று சொல்லிவிடு. என்னிடம் பேச வேண்டாம். மெர்சியிடம் பேசு. என்னை நீ அம்மா என்று கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, சனிக்கிழமைக்குள் அந்தப் பெண்ணுக்கு ஓர் அழைப்பு எடுத்துவிடு.

இதுவரை எழுதிவிட்டு, லூர்துவும் மெர்சியும் குழுவில் படித்துத் தெரிந்துகொள்வதைவிட உன் தாத்தா நேரில் சொல்வதே முறை என்று நினைத்து அனுப்பாமல் வைத்திருந்தேன். மறுபடியும் காத்திருந்தேன்.

சனிக்கிழமை போனோம். லூர்து கோழி அடித்துச் சமைத்திருந்தாள். காம்பராப் படியிலேயே உன் தாத்தாவின் காலில் விழுந்து, "சித்தப்பா" என்றாள். நாற்காலியில் உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "எங்கப்பா எப்படி இருப்பாரு சித்தப்பா? எனக்கு மொகமே ஞாபகமில்ல. ஒரு போட்டோகூட இல்ல." உன் தாத்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்ன மாதிரித்தான் இருப்பான். சிரிச்சா எடது கன்னத்துல குழி விழும். மழன்னா அவனுக்கு ரொம்பப் புடிக்கும், நனஞ்சிக்கிட்டே நிப்பான்" என்றார். அதெல்லாம் உண்மைதான், அடுத்த காம்பராவில் இருந்து பார்த்தவர்தானே. நான் அவர் தோளைத் தொட்டேன். "அப்பா, சொல்லுங்க." லூர்து நிமிர்ந்தாள். "என்ன சித்தப்பா? நீங்க எங்கப்பாவோட கூடப்பொறந்தவருதானே?" உன் தாத்தா, "ஆமா தாயி" என்றார்.

அதற்கு மேல் நான் பொறுக்கவில்லை. அன்று சொல்லாத மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். அடக்கப் பதிவேட்டைச் சொன்னேன், காம்பராக் கதையைச் சொன்னேன். கொழும்பில் இரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்வார்களாம், போவோம் என்றேன். லூர்து கோபப்படவில்லை. "மகன் மேல உள்ள பாசத்துல அக்கா என்ன வேணும்னாலும் சொல்லும். எங்கப்பா யாருன்னு ரத்தத்த எடுத்தா பாக்கணும் அக்கா? சித்தப்பாவே சொல்லிட்டாரே" என்றாள். வாசலில் நின்ற மெர்சி என்னைப் பார்த்து, "நிரோஷ் எங்க இருக்காருன்னாவது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும்போது உன் தாத்தா, "அந்தப் புள்ளைக்கு யாரும் இல்ல தாயி" என்றார். பயத்தினால் அப்படிச் சொன்னாரா, இரக்கத்தினால் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

வியாழக்கிழமை மெர்சியின் கல்யாணம் நடந்தது. அவளுக்கு அப்பா இல்லாததால், அவள் கையைப் பிடித்துப் பீடம்வரை அழைத்துப் போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தவர் உன் தாத்தா.